கூடத்துச் சுவரும் புதிய தொலைக்காட்சிப் பெட்டியும்

சம்பா அறுவடை முடிந்து, நெல் கொள்முதல் நிலையத்தில் எடைபோட்ட நெல்லுக்குரிய பணம் வங்கிக் கணக்கில் வந்து சேரும் மாசி, பங்குனி மாதங்களில், தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி போன்ற நம் ஊர்களின் கடைத்தெருக்களில் ஒரு தனிச் சுறுசுறுப்பைக் காணலாம். முற்காலத்தில் இப்பணம் நகையாகவோ பித்தளைப் பாத்திரமாகவோ ஓடு மாற்றிய கூரையாகவோ வடிவெடுத்தது. இன்றோ அதில் ஒரு பங்கு, சுவரையே மறைக்கும் தொலைக்காட்சிப் பெட்டியாக வீட்டிற்குள் நுழைகின்றது. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் விடுமுறைக்கு வரும் இல்லங்களில், பிளேஸ்டேஷன் போன்ற விளையாட்டுக் கருவி ஒன்றும் உடன் வருகின்றது. தவக்காலமும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான் வருகின்றது என்பதைக் கடைக்காரர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

“சாமி, எந்தப் பெட்டி வாங்கலாம்?” என்று திருப்பலி முடிந்து கேட்கும் பங்கு மக்களில் சிலர், “வாங்காதீர்கள்” என்ற விடையையே எதிர்பார்த்துக் கேட்கின்றனர். அவ்விடையை நான் தருவதில்லை. ஒரு வீட்டில் ஐவர் இருந்து, ஐவரும் ஐந்து மூலைகளில் ஐந்து கைப்பேசிகளை நோக்கிக் குனிந்திருப்பதைக் காட்டிலும், கூடத்தில் உள்ள ஒரே நல்ல திரையின் முன் ஐவரும் சேர்ந்து அமர்ந்து ஒரே படத்தைப் பார்ப்பது மேலானது என்பது என் துணிபு. பாட்டி சிரிக்கும் இடத்தில் பேரன் சிரிக்கவில்லை என்றால், ஏன் என்று கேட்கவாவது அங்கு வழியுண்டு. ஆனால் அந்த ஒரு பெட்டியை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் தேர்ந்தெடுத்து நம் தலையில் கட்டக் கூடாது.

திருச்சபை இக்கருவியைக் கண்டு அஞ்சி ஒதுங்கியதில்லை. இத்தாலியில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் தொடங்கியது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்நாட்டு ஆயர்களுக்குத் தொலைக்காட்சி பற்றித் தனி மடல் ஒன்றை எழுதினார். 1957-இல் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் பற்றிச் சுற்றுமடல் விடுத்தார். அடுத்த ஆண்டே அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அப்புனிதை, தொலைவில் ஆலயத்தில் நடைபெற்ற கிறிஸ்து பிறப்பு விழா வழிபாட்டைத் தம் அறையில் இருந்தவாறே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது வரலாறு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 27 அன்று, கொள்ளைநோயின் நடுவே, மழையில் நனைந்த வெறுமையான புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று செபித்ததை வீட்டிலிருந்து கண்டவர்களுக்கு, கிளாராம்மாளை ஏன் தெரிந்தெடுத்தார்கள் என்று விளக்க வேண்டுவதில்லை. அதே பிரான்சிஸ், கார்மேல் மாதாவுக்குக் கொடுத்த வாக்கின்படி 1990 முதல் தொலைக்காட்சி பார்ப்பதையே விட்டவர் என்பதும் உண்மை. இருவரும் நம்மவரே.

நம் பகுதிக்கும் இதில் பழைய உறவு உண்டு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோதிலும், அதன் அலைகள் காவிரிக் கரைக்கு எட்டவில்லை. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பின்னர், நம் கடலோர ஊர்களில் உயர்ந்த குழாய்க் கம்பங்களின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டித் தென்கிழக்கு நோக்கித் திருப்பியவர்கள் பலர். ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, மற்றவர் கீழிருந்து “தெரிகிறது, தெரிகிறது, போயிற்று” என்று கூவிய காலம் அது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபின் குடிசைகளிலும் 14 அங்குலப் பெட்டி ஒளிர்ந்தது. அந்தத் தலைமுறைக்குப் படம் தெரிவதே போதுமானதாக இருந்தது. இன்று கேள்வி வேறு.

முதலில் அளவு. கடையில் பார்க்கும் பெட்டி எதுவும் சிறியதாகவே தோன்றும். ஏனெனில் கடை பெரிது. ஆகவே வீட்டில் அளந்துகொண்டு செல்லுதல் வேண்டும். உட்காரும் இடத்திற்கும் சுவருக்கும் உள்ள தொலைவு, பெட்டியின் மூலைவிட்ட அளவைப் போல் 1.2 முதல் 1.6 மடங்கு வரை இருப்பின் திரைப்படத்திற்கு ஏற்றது. 55 அங்குலப் பெட்டியின் மூலைவிட்டம் 140 செ.மீ.; அதற்கு ஐந்தரை முதல் ஏழரை அடி. 65 அங்குலத்தின் மூலைவிட்டம் 165 செ.மீ.; அதற்கு ஆறரை முதல் எட்டே முக்கால் அடி. பத்துக்குப் பன்னிரண்டு என்று கட்டிய நம் கூடங்களில் 65 அங்குலம் மிகையன்று. பார்வைக்குப் பத்து அங்குலமே வேறுபாடு எனினும், பரப்பளவில் 65 அங்குலத் திரை 55 அங்குலத்தைவிட நூற்றுக்கு 40 பங்கு பெரியது. அகலமும் குறித்துக்கொள்க: ஏறத்தாழ 144 செ.மீ. இரண்டு சன்னல்களுக்கு இடைப்பட்ட சுவரில் இது அடங்காத வீடுகள் பல உண்டு.

அளவைவிட முக்கியமானது வெளிச்சம். முற்றத்தைச் சுற்றிக் கூடமும் தாழ்வாரமும் அமைந்த பழைய ஓட்டு வீடுகளில் பகல் முழுதும் ஒளி கொட்டுகின்றது. வாயிற்கதவு திறந்தே கிடக்கின்றது. இங்குதான் இன்றைய விலையுயர்ந்த இருவகைப் பெட்டிகளில் எது நமக்கு என்பது தீர்மானமாகும். ஓ.எல்.இ.டி. எனப்படுவதில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே விளக்காக எரிந்து தானே அணையும். 4கே திரையில் அத்தகைய புள்ளிகள் ஏறத்தாழ 83 இலட்சம். அணைந்த புள்ளி உண்மையான கருமை; ஆகவே இரவுக் காட்சிகளில் இதற்கு ஈடு இல்லை. மற்ற வகையில் திரைக்குப் பின்னால் விளக்குகள் எரிய, முன்னால் உள்ள திரவப் படிகத் தட்டு அவ்வொளியை மறைத்தும் விட்டும் படம் காட்டுகின்றது. பின்விளக்குகளைப் பொடிப்பொடியாக்கி ஆயிரக்கணக்கில் பரப்பி, இருண்ட பகுதியில் மட்டும் அணைக்கும் ஏற்பாட்டிற்கு மினி எல்.இ.டி. என்று பெயர். இது கருமையில் சற்றே பின்தங்கினும், பகல் வெளிச்சத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் உடையது.

இதற்கிடையில் கியூ.எல்.இ.டி. என்றொரு சொல் மக்களை மயக்குகின்றது. முதலெழுத்து ஒன்றின் வேறுபாட்டால் இதனை ஓ.எல்.இ.டி.யின் உடன்பிறப்பு என எண்ணி வாங்கியோர் உளர். அது பின்விளக்குப் பெட்டியே; குவாண்டம் புள்ளிகள் எனும் நுண்துகள்கள் பூசிய ஏடு ஒன்று நிறங்களைத் தூய்மைப்படுத்துகின்றது. அத்துகள்களைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகவே பவெண்டி, புரூஸ், எக்கிமோவ் என்னும் மூன்று அறிஞர்கள் 2023-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு பெற்றனர். பொருள் நல்லதே; பெயரில்தான் குழப்பம்.

என் தீர்ப்பு இது. பகலில் பெட்டியை அணைத்துவைத்து, இரவு விளக்கைக் குறைத்துப் படம் பார்க்கும் இல்லத்திற்கு ஓ.எல்.இ.டி. தகும். காலை செய்தி முதல் இரவு நெடுந்தொடர் வரை ஒரே அலைவரிசை ஓடிக்கொண்டிருக்கும் இல்லத்திற்கு அது தகாது. அலைவரிசையின் முத்திரை ஒரே மூலையில் பல மணி நேரம், பல மாதங்கள் நின்றால், அதன் நிழல் ஓ.எல்.இ.டி. திரையில் நிலையாகப் படிந்துவிடக் கூடும். விளையாட்டுகளில் ஓரத்தில் நிற்கும் மதிப்பெண் பலகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அத்தகைய வீட்டார் மினி எல்.இ.டி. வாங்குவதே அறிவுடைமை. நம் பங்கு இல்லங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை என்பதை நான் வீடு சந்திக்கச் செல்லும்போதெல்லாம், கதவைத் தட்டு முன்னரே, காதால் அறிகின்றேன்.

இனித் திரைப்படம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் நம் தஞ்சையின் மன்னரைப் பற்றியது: ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்து 1973-இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’. அத்தகைய அகன்ற படத்தைப் பழைய சதுரப் பெட்டியில் காட்டியபோது, அரசவையின் இரு ஓரங்களிலும் நின்றோரை வெட்டி எறிந்தனர்; அல்லது படம் ஒரு நாடாவைப் போல் மெலிந்தது. இன்றைய அகன்ற பெட்டியிலும் சினிமாஸ்கோப் படம் ஓடுகையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் தோன்றும். திரையின் நான்கில் மூன்று பங்கையே படம் நிரப்பும். இது பழுதன்று. ‘பெரிதாக்கு’ என்னும் பொத்தானை அழுத்தி அரசவையினரை மீண்டும் வெட்டாதிருப்பீர்களாக. ‘பொன்னியின் செல்வன்’ முதற்பாகத்தின் கடற்புயல் காட்சியை மலிவான திரையில் பார்த்தால் கடலும் வானும் ஒரே சாம்பற் குழம்பாகிவிடும். நல்ல திரையில் அலையும் மரக்கலமும் தனித்தனியே தெரியும். விலைக்குப் பொருள் இருக்கும் இடம் இதுவே.

மற்றொரு நுட்பம் உண்டு. திரைப்படம் வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகின்றது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் 24 சரியாக வகுபடாது. ஒரு படத்தை இருமுறையும் அடுத்ததை மும்முறையும் காட்ட நேர்வதால் நகர்வில் ஒரு விக்கல் தோன்றும். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை காட்டப்படும். விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்று கருதப்படும் இவ்வெண் முதியோரின் படத்திற்கும் பயன்படுகின்றது என்பதைக் கடைகளில் எவரும் சொல்வதில்லை. இதற்கு மாறாக, இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து இடையிற் செருகி ‘மென்மையாக்கும்’ ஏற்பாடு ஒன்று புதிய பெட்டிகளில் இயங்கிய நிலையிலேயே வருகின்றது. அதனால் பெரும் படமும் நெடுந்தொடர் போல் காட்சியளிக்கும். 2019-இல் திரைத்துறையினரும் பெட்டி தயாரிப்போரும் கூடி வகுத்த ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ என்னும் அமைப்பு, இச்செருகலையும் மிகை நிறத்தையும் ஒரே அழுத்தில் நீக்கிவிடும். கடையில் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ நிலை வீட்டிற்கு உரியதன்று.

எச்.டி.ஆர். என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதால் மட்டும் மயங்க வேண்டா. அக்குறிப்பை ஏற்பது வேறு, அதற்குரிய ஒளியைத் தருவது வேறு. ஒளியளவு எத்தனை நிட்ஸ் என்று கேட்க வேண்டும். விற்பனையாளர் விழித்தால் அடுத்த கடைக்குச் செல்லலாம்.

நம் வீடுகளில் மாலை முழுதும் ஓடுவது 4கே படமன்று. சாதாரண கேபிள் ஒளிபரப்பு. குறைந்த புள்ளிகளுடைய அப்படத்தைப் பெரிய திரைக்கு ஊதிப் பெரிதாக்கும் திறமை எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே, கடையில் அவர்கள் ஓட்டும் மலர்களையும் மீன்களையும் நிறுத்தச் சொல்லி, நீங்கள் நாள்தோறும் பார்க்கும் தமிழ் அலைவரிசை ஒன்றைப் போடச் சொல்லுங்கள். மாதா தொலைக்காட்சித் திருப்பலியில் குருவின் முகம் தெளிவாகத் தெரிகின்றதா என்று பாருங்கள். ஒலியையும் அங்கேயே கேளுங்கள். மெல்லிய பெட்டிக்கு நெஞ்சு சிறிது. வசனம் தெளிவாகக் கேளாது. திரையில் ஓர் அளவு குறைத்தேனும் தனி ஒலிபெருக்கிப் பட்டைக்குப் பணம் ஒதுக்குவது, வீட்டில் செவி மந்தமான பெரியவர் இருப்பின் கட்டாயம்.

விளையாட்டைப் பற்றி. விளையாட்டுக் கருவிக்கு வேண்டுவன மூன்று: 120 ஹெர்ட்ஸ் திரை, எச்.டி.எம்.ஐ. 2.1 இணைப்பு, ‘கேம் மோடு’ எனப்படும் விரைவு நிலை. பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் வீரன் குதிப்பதற்கும் இடையிலுள்ள தாமதத்தை இந்நிலை குறைக்கின்றது. நான்கு துளைகள் உள்ள பெட்டியிலும் இரண்டே 2.1 ஆக இருப்பது வழக்கம். எவை என்று கேட்டறிக. இவ்வளவுதான் கருவி பற்றி. மற்றவை பிள்ளை பற்றி.

விளையாட்டுக் கருவியைப் பிள்ளையின் அறையில் வைக்காமல் கூடத்துப் பெட்டியில் இணைப்பதையே நான் வற்புறுத்துவேன். கைப்பேசியில் போர்வைக்குள் ஆடப்படும் விளையாட்டு எவர் கண்ணிலும் படாது; கூடத்தில் ஆடினால் எத்தனை மணி, எத்தகைய விளையாட்டு என்பது கேளாமலே தெரியும். உறையின் மேல் 3, 7, 12, 16, 18 என்று வயது அச்சிடப்பட்டிருக்கும். 18 என்று போட்ட உறையைப் பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரும் சித்தப்பாக்கள் அவ்வெண்ணை விலை என்று எண்ணுகிறார்களோ என்னவோ. திரைப்படங்களுக்கும் இப்போது யு.ஏ. சான்றிதழில் 7, 13, 16 என வயதுப் பிரிவு வந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைநிலையை ஒரு கோளாறாகச் சேர்த்துள்ளது. நெடுநேரம் ஆடுவது மட்டும் அந்நோயாகாது. கட்டுப்பாடு இழந்து, படிப்பும் உணவும் உறவும் பின்தள்ளப்பட்டு, கேடு தெரிந்தும் விடமுடியாமல் ஓராண்டளவு தொடர்வதையே அது குறிக்கின்றது. அத்தகைய பிள்ளையை அடிப்பதால் பயனில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் சாதாரண விளையாட்டிற்குள்ளேயே ஆடை, ஆயுதம் என்று வாங்கும் வழிகள் உள்ளன. ஆதலின் தந்தையின் வங்கி அட்டையைக் கருவியில் பதிந்து வைக்கலாகாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். 150 வாட் இழுக்கும் பெட்டி நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் ஆகும். பெரும்பாலான புதிய பெட்டிகள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குமாறு அமைந்துள்ளமையால், பழைய வழக்கப்படி ஸ்டெபிலைசர் வாங்குவது அத்துணைத் தேவையன்று. தேவையானது, ஒழுங்கான எர்த் இணைப்பும் மின்னெழுச்சித் தடுப்பானும். ஐப்பசி இடியின்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் கேபிள் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நாட்கணக்கில் இருளில் கிடந்து, மின்சாரம் மீண்டபோது ஏற்ற இறக்கத்தைக் கண்ட ஊர்களுக்கு இது புதிதன்று.

பெட்டியை மாட்டும் இடத்தில் நம் இல்லங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று எழுகின்றது. கூடத்தின் நடுச்சுவரில் சிவப்பு விளக்குடன் திருஇருதய ஆண்டவர் படம் இருக்கும். 1907 முதல் மத்தேயோ கிராலி என்னும் குருவானவர் உலகெங்கும் பரப்பிய பக்திமுயற்சியின் வழியாக, குடும்பத்தை ஒப்புக்கொடுத்துப் பாட்டனார் காலத்தில் மாட்டிய படம். பெட்டியை மாட்ட வரும் பணியாளர் அந்த ஆணியையே முதலில் பார்க்கின்றார். படம் படிக்கட்டின் கீழோ சமையலறை வாயிலுக்கோ இடம்பெயர்கின்றது. இது வேண்டாத இடமாற்றம் மட்டுமன்று, தவறான அளவும் ஆகும். அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி அமைய வேண்டும். அது தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. 65 அங்குலத் திரையின் உயரம் 81 செ.மீ. என்பதால், அதன் மேல்விளிம்பு ஐந்தடிக்குள் அடங்கிவிடும். திருஇருதயப் படத்தின் உயரத்தில் பெட்டியை மாட்டினால் இரண்டு மணி நேரப் படத்திற்குள் கழுத்து வலிக்கும். பெட்டியைத் தாழ்த்துங்கள், ஆண்டவர் தம் இடத்திலேயே இருக்கட்டும். குடும்ப செபமாலை நேரத்தில் எல்லாரும் எப்படியும் அந்தச் சுவரை நோக்கியே அமர்கின்றோம். அந்த அரைமணி பெட்டி அணைந்திருக்க வேண்டும் என்பதை வாங்கும் முன்னரே, எல்லாரும் ஒப்ப, பேசி வைத்துக்கொள்வது நலம். வாங்கிய பின் பேசினால் சண்டையில் முடியும்.

இறுதியாகப் பணம். மாதத் தவணை என்பது மாதச் சம்பளக்காரருக்காக ஏற்பட்டது. நமக்குப் பணம் போகத்திற்குப் போகம் வருகின்றது. இடையில் மழையில் நனைந்த நெல் களத்தில் முளைவிடும் ஆண்டுகளும் உண்டு. பங்குனியில் எளிதாகக் கட்டிய தவணை, குறுவை நடவுக்கு உரமும் ஆட்கூலியும் தேடும் ஆனி மாதத்தில் கழுத்தை நெரிக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்பதிலும் செயற்பாட்டுக் கட்டணம் உண்டா, ரொக்கம் தந்தால் எவ்வளவு குறையும் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். நகையை அடகு வைத்துப் பெட்டி வாங்கும் வழக்கம் நம் பங்குகளில் பரவி வருகின்றது; அதை மட்டும் நான் வெளிப்படையாகவே எதிர்க்கின்றேன். 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. பில்லில் அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய மாதிரி வந்ததும் சென்ற ஆண்டு மாதிரியின் விலை இறங்கும். ஓராண்டில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் இராது. பொறுத்திருக்கும் மனமுடையோர் அதனையே வாங்கலாம். கடைக்குச் செல்லும்போது வீட்டுத் தலைவியும் விளையாடும் பிள்ளையும் உடன் வரட்டும். சுவரளவும் அமரும் தொலைவும் குறித்த தாளும், கொடுக்கக்கூடிய தொகையை முன்னாள் இரவே எழுதிவைத்த தாளும் கையில் இருக்கட்டும்.